சி.ஏ. இன்டர்: சட்டப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறேன்

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் குடியாத்தம். பி.காம். படிக்கும்போதே சி.ஏ. என்ற ஆடிட்டர் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் முடித்துவிட்டேன், இப்போது இரண்டாம் கட்டமான இன்டர். இதில் மூன்று மூன்று தாளாக இரண்டு குரூப், ஜனவரியில் முதல் குரூப் மட்டும் எழுதினேன். அட்வான்ஸ்டு அக்கவுன்டிங் 63, சட்டத் தாள் 34, டேக்ஸேஷன் 45. மே தேர்வுக்கு ஃபார்ம் போடவில்லை. அவசரப்பட்டு எழுதுவதைவிட முழுசாகத் தயாராகி செப்டம்பரில் எழுதலாம் என்று நினைத்தேன். இப்போது ஜூன் வந்துவிட்டது, சட்டத்தில் முதல் அத்தியாயத்தையே இன்னும் தாண்டவில்லை.

நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் எழுந்து மேசையில் உட்காருகிறேன். கம்பெனிச் சட்டம் திறந்தால் இரண்டு பத்தி போவதற்குள் நெஞ்சில் ஒரு பாரம் வந்து உட்காருகிறது, உடனே அக்கவுன்ட்ஸ் கணக்கு ஒன்றை எடுத்துப் போட ஆரம்பித்துவிடுகிறேன், அது எனக்கு வரும், பிடிக்கும், ஆனால் அந்தத் தாள்தான் முடிந்துவிட்டதே. அப்புறம் சட்டத்துக்கு யூடியூபில் ஒரு வகுப்பு போட்டு இரண்டு மடங்கு வேகத்தில் பார்ப்பேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் யாராவது கேட்டால் ஒன்றும் வாயில் வராது. மதியம் வெயில், தூக்கம். மாலையில் அப்பாவின் லுங்கிக் கடைக்குப் போய் பில் போட்டுக் கொடுப்பேன். இரவு படுக்கும்போது நாளையிலிருந்து சரியாகப் படிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்குகிறேன். மே மாதம் சிரசு திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பாஸ் ஆகிவிட்டாயா என்று கேட்டார்கள், அதிலிருந்து இன்னும் மோசம்.

இன்னொன்று. சட்டத் தாள் விடைத்தாளின் நகலுக்கு அப்போதே விண்ணப்பித்து வாங்கிவிட்டேன். இன்றுவரை அந்த ஃபைலைத் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். டெலிகிராம் குழுவில் எல்லோரும் ஒரு நாளைக்கு பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் என்று போடுகிறார்கள். எனக்கு மூன்று மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தாலே பெரிய விஷயம். இந்தத் தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி விடுவது? அப்புறம், செப்டம்பரில் இரண்டு குரூப்பும் சேர்த்துப் போடலாமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை_ஆடிட்டர் எழுதியது:

தங்கச்சி, முதலில் உன் மதிப்பெண்ணைக் கணக்காகப் பார்ப்போம், ஏனென்றால் உன் பயத்துக்கும் உன் நிலைமைக்கும் சம்பந்தமே இல்லை.

குரூப் பாஸ் ஆக ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 300க்கு 150. குரூப்பின் எல்லாத் தாளும் எழுதி ஒன்றில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கியிருப்பதால் அக்கவுன்ட்ஸுக்கு உனக்கு விலக்கு இருக்கிறது, அதை மறுபடி எழுதவேண்டாம். அந்த 63 அப்படியே கூட்டலில் சேரும். ஆக, மீதி இரண்டு தாளில் சேர்த்து உனக்கு வேண்டியது 87. டேக்ஸில் அதே 45 வாங்கினாலும் சட்டத்தில் 42 வந்தால் 150 ஆகிவிடுகிறது. போன முறை 34. எட்டு மதிப்பெண் வித்தியாசம். 42ஐக் குறிவைத்துப் படி என்று சொல்லவில்லை, 55, 60 என்று குறிவை. ஆனால் நீ மலையடிவாரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், உண்மையில் முக்கால்வாசி ஏறிவிட்டாய், அதைத் தெரிந்துகொள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. விலக்கு அடுத்து வரும் மூன்று தேர்வுக்கு மட்டும்தான். முன்பு வருடத்துக்கு இரண்டு தேர்வு இருந்தபோது அது ஒன்றரை வருடம். 2024இலிருந்து இன்டருக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று ஆகிவிட்டதால் அந்தக் காலம் ஒரே வருடமாகச் சுருங்கிவிட்டது. நீ எழுதாவிட்டாலும் தேர்வு ஒன்று கழியும். மே போய்விட்டது. செப்டம்பரும் அடுத்த ஜனவரியும்தான் மிச்சம். மூன்று தேர்வு வந்ததில் நல்லதும் உண்டு, ஆனால் "இது போனால் அடுத்தது" என்று தள்ளிப்போடுவதும் சுலபமாகிவிட்டது. என் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இப்போது தள்ளிப்போடுவது பற்றி. சோம்பேறித்தனம் என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. சோம்பேறி அக்கவுன்ட்ஸ் கணக்கை எடுத்துப் போடமாட்டாள், கடைக்குப் போய் பில் போடமாட்டாள். நீ உழைக்கிறாய், சட்டத்தை மட்டும் தொடமாட்டேன் என்கிறாய். ஃபியூஷியா சிரோயிஸ், டிமதி பிச்சில் என்று இரண்டு உளவியலாளர்கள் பல வருடமாக இதைச் சொல்லி வருகிறார்கள்: தள்ளிப்போடுவது நேரத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரியாததால் வருவதல்ல, அந்த வேலை தரும் கசப்பான உணர்ச்சியிலிருந்து அந்த நிமிடம் தப்பிப்பதற்காகச் செய்வது. நெஞ்சில் பாரம் என்று எழுதியிருக்கிறாயே, அதேதான். அதனால் புது டைம்டேபிள் போட்டு இது தீராது. அந்தப் புத்தகத்தின் மேல் இருக்கும் பயம் குறையவேண்டும். பயம் குறைய ஒரே வழி, 34 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்ப்பது.

அந்த ஃபைலை இன்று திற. தனியாகப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவர்களுக்குச் சட்டம் தெரியவேண்டியதில்லை. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் அந்தத் தேர்வுக்கான சஜஸ்டெட் ஆன்சர்ஸ், அதாவது மாதிரி விடைகள், இலவசமாகக் கிடைக்கும், அதை எதிரில் வைத்துக்கொள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் எழுதியதில் எது உன் விடையில் இல்லை என்று மட்டும் ஒரு தாளில் குறி. படிக்காததால் போனதா, படித்தும் எழுதத் தெரியாததால் போனதா, நேரம் இல்லாமல் போனதா? இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அப்புறம் சட்டத்தைப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காதே, கேள்வியிலிருந்து ஆரம்பி. உதாரணத்துக்கு டிவிடெண்டை, அதாவது கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தை, எடுத்துக்கொள். "ஒரு கம்பெனி டிவிடெண்ட் அறிவித்தது, பத்து நாள் ஆகியும் தனி வங்கிக் கணக்கில் பணம் போடவில்லை, இது சரியா?" என்று ஒரு கேள்வி. இதை முதலில் படி, உனக்குத் தோன்றும் விடையை இரண்டு வரி எழுது, தப்பாக இருக்கட்டும். பிறகு 123ஆம் பிரிவைத் திறந்தால் உன் கண் தானாகவே அந்த 5 நாளைத் தேடும். அறிவித்த 5 நாளுக்குள் தனிக் கணக்கில் போடவேண்டும், 30 நாளுக்குள் பங்குதாரருக்குக் கொடுக்கவேண்டும், வாங்காமல் கிடப்பதை அந்த 30 நாள் முடிந்த 7 நாளுக்குள் அன்பெய்டு டிவிடெண்ட் கணக்குக்கு மாற்றவேண்டும், 7 வருடம் யாரும் கேட்காவிட்டால் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். தேடிக் கண்டுபிடித்ததால் இது நிற்கும். வெறுமனே வாசித்தால் 5, 30, 7, 7 எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும்.

காட்பாடி_ஆர்டிக்கிள் எழுதியது:

நான் இன்டர் முடித்து இப்போது சென்னையில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்டிக்கிள்ஷிப் பயிற்சி, காட்பாடியிலிருந்து தினமும் ரயில். அண்ணா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், சில நடைமுறை விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

அந்த டெலிகிராம் குழுவை விட்டு முதலில் வெளியே வாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் என்று போடுபவர்கள் மேசையில் இருந்த நேரத்தைச் சொல்கிறார்கள், மண்டையில் ஏறிய நேரத்தை அல்ல. மூன்று மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் அதுவே நல்ல நேரம். அதை மெதுவாக ஐந்து, ஆறுக்குக் கொண்டு போங்கள். ஜூலையிலிருந்து ஆறு மணி நேரம் உண்மையாகப் படித்தாலே இரண்டு தாளுக்கு அது தாராளம் என்பது என் கருத்து.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு என்ற முறை எல்லோரும் சொல்வது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், தான் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. உட்காரவே மனம் வராத நாளில் அது கைகொடுக்கும், ஏனென்றால் 25 நிமிடம் என்றால் மனம் சம்மதித்துவிடும். ஆனால் டேக்ஸில் மொத்த வருமானம் கணக்கிடும் பெரிய கணக்குக்கு அது ஒத்துவராது, பாதிக் கணக்கில் மணி அடித்தால் விட்ட இடத்தைப் பிடிக்கவே பத்து நிமிடம் போகும். அதற்கு 50 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் வெயில் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேலூர்ப் பக்கம் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டிவிடும், ஜூனிலும் மதியம் யாராலும் படிக்க முடியாது. அதனால் எல்லோரும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படி என்பார்கள். எழ முடிந்தால் நல்லது, படிப்பதற்கு அதுதான் அருமையான நேரம். ஆனால் தேர்வு நடப்பது மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை. நீங்கள் தினமும் தூங்கும் அதே நேரம்! ஆகஸ்ட் ஆரம்பத்திலிருந்தாவது அந்த மூன்று மணி நேரத்தில் படிக்காமல் எழுதிப் பழகுங்கள், மின்விசிறிக்குக் கீழே வேர்த்தாலும் சரி. மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து 12 மணிக்கே முடித்துவிட்டால் 2 மணிக்குக் கண் சொருகாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மற்றவர்களுக்காவது தெரியட்டும்.

மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 மதிப்பெண் எம்.சி.க்யூ.வை முக்கால் மணி நேரத்தில் முடித்தால் எழுதுகிற 70க்கு இரண்டேகால் மணி நேரம் இருக்கும். எழுதிப் பழகாத கைக்கு இது போதவே போதாது. ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் மாதிரித் தேர்வுத் தாள்கள் விடையோடு கிடக்கின்றன, அவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டால் போதும், எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் தனியாகப் பணம் கட்டவேண்டாம்.

போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்து மேசையிலேயே கவிழ்த்து வைப்பது பயன்படாது, கை தானாகப் போகும். வகுப்பு வீடியோ பார்த்தே ஆகவேண்டும் என்றால் முந்தின இரவே இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வீடியோ முடிந்ததும் அடுத்த வீடியோ போடாதீர்கள், வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுத் தறி ஓடுவதை நாள் முழுக்கப் பார்த்தாலும் நம் தறியில் ஒரு முழம்கூட ஏறாது, குடியாத்தத்துக்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆரணி_காமர்ஸ்_வாத்தியார் எழுதியது:

மகளே, நான் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியன். உன் பதிவில் ஒரு வரியை இருவரும் தொடாமல் போய்விட்டார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தமிழ் வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறாய். அக்கவுன்ட்ஸில் 63 வாங்குகிற மூளைக்குக் கம்பெனிச் சட்டம் புரியாமல் போகாது. அங்கே எண்கள் பேசுகின்றன, இங்கே முக்கால் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஆங்கிலம் பேசுகிறது. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும்தான் எழுத முடியும், நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சட்டத் தாளைப் பார்த்துப் பின்வாங்குவதை எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஆம்பூர், ஆற்காடு, போளூர் பக்கத்திலிருந்து வந்து இன்று கையெழுத்துப் போடும் ஆடிட்டர்களாக இருப்பவர்களும் உண்டு.

என் வழி இது. ஒரு பிரிவைப் படித்ததும் புத்தகத்தை மூடு. யார், என்ன செய்யவேண்டும், எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் என்ன, இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல். அம்மாவிடம் சொன்னாலும் சரி. "கம்பெனி தொடங்கி முதல் நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தணும், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் 6 மாதத்துக்குள், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது." இவ்வளவுதான் 96ஆம் பிரிவின் உயிர். தமிழில் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அதையே ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக நீயே எழுது, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். திருத்துபவருக்குச் சட்டம் சரியாக இருக்கவேண்டும், அலங்கார ஆங்கிலம் அவர் கேட்பதில்லை. முக்கியமான சில சட்டச் சொற்களை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே மனப்பாடம் செய். விடையை எப்போதும் மூன்று பகுதியாக எழுது: முதலில் சட்டம் என்ன சொல்கிறது, அடுத்து கேள்வியில் நடந்தது அதோடு எப்படிப் பொருந்துகிறது, கடைசியாக முடிவு. பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி என்று எழுது, தப்பான எண் போடாதே.

அந்தத் தாளில் 70 மதிப்பெண் கம்பெனிச் சட்டமும் எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டமும். மீதி 30க்குப் பொது விதிகள் சட்டம், சட்டங்களுக்குப் பொருள் கொள்ளும் முறை, ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டம். இந்த 30ஐப் பலர் கடைசி வாரம் வரை தொடுவதே இல்லை. அளவில் சின்னது, திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது. நீ முதலில் அதை முடி. ஒரு பகுதி முழுதாகக் கையில் வந்துவிட்டது என்ற தைரியம் கிடைத்தால் மீதிக்குப் போகத் தயக்கம் குறையும்.

மறந்துபோகிறது என்கிறாய். 1885இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன் மேலேயே சோதித்துப் பார்த்து எழுதினார், படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது என்று. உனக்கு மட்டும் நடப்பதல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மறுநாள் வாயில் வரவில்லை என்றாயே, காரணம் இதுதான். படித்ததை மறுநாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து வெள்ளைத்தாளில் எழுதிப் பார். எழுத வராததை மட்டும் திரும்பப் படி.

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஃபைலைத் திறந்தேன். பயந்த மாதிரி இல்லை. பாதிக்கு மேல் முடிவு சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதே இல்லாமல் நேராக "செல்லாது", "செல்லும்" என்று எழுதியதால் ஒன்று, ஒன்றரை என்றுதான் கிடைத்திருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வியை முழுதாக விட்டிருக்கிறேன், ஃபெமாவைத் தொடவே இல்லை. சார் சொன்ன மாதிரி பொது விதிகள் சட்டத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். டேக்ஸுக்கு என் சீனியர் தன் பழைய புத்தகத்தைத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? அப்புறம் வீட்டில் பகலில் தனியாக இருக்கவே முடியவில்லை, யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள், கடையிலும் ஆள் இல்லை. வேலூர் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம் என்று தோழி சொல்கிறாள்.

சத்துவாச்சாரி_அக்கா எழுதியது:

நான் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சி.எம்.ஏ. எனும் காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பில் இன்டர் எழுதுகிறவள், எட்டுத் தாள், ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டே தேர்வு. வீட்டில் இடமில்லாத கஷ்டம் எனக்கு நன்றாகவே தெரியும் தங்கச்சி. ஹாஸ்டலுக்கு அவசரப்படாதே. புது இடம், புது சாப்பாடு, செலவு, அது பழகவே ஒரு மாதம் போய்விடும், உன்னிடம் இருப்பதே மூன்று மாதம்.

வீட்டில் பொதுவாக "என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. நேரம் குறித்துச் சொல்ல வேண்டும். காலை 5 முதல் 8 வரையிலும் மதியம் 2 முதல் 5 வரையிலும் நான் வரமாட்டேன், மற்ற நேரமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வருகிறேன் என்று அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேசு. கொடுத்த நேரத்தில் கடைக்கும் ஒழுங்காகப் போ. நீ சொன்னபடி நடப்பதைப் பார்த்தால் வருகிறவர்களை அம்மாவே வெளியில் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். முடியவே முடியாத நாளுக்கு வேலூர் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், அந்த அமைதியில் போனை எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

கடை வேலையை இடைஞ்சல் என்று நினைக்காதே, உன் ஜி.எஸ்.டி. பாடம் பாதி அங்கேதான் இருக்கிறது. வாணியம்பாடிக்கு லுங்கி அனுப்பினால் மத்திய வரி, மாநில வரி இரண்டும், காட்பாடியைத் தாண்டி ஆந்திராவில் சித்தூருக்கு அனுப்பினால் மாநிலங்களுக்கு இடையிலான ஐ.ஜி.எஸ்.டி. சரக்கின் மதிப்பு 50,000 தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் எனும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அவர் சித்தூருக்கு விற்கவே கூடாது, ஏன் என்று நீயே புத்தகத்தில் தேடு. ஒவ்வொரு பில் போடும்போதும் சப்ளை நடந்த இடம் எது, எந்த நாளில் வரி கட்டும் பொறுப்பு வந்தது என்று மனதுக்குள் கேட்டுக்கொள். ஜி.எஸ்.டி.க்கு மட்டும் 50 மதிப்பெண் இருக்கிறது.

ஒரு நாள் கெட்டுப்போனால் அதற்காக அழாதே. கனடாவில் 2010இல் ஒரு ஆய்வு செய்தார்கள், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்களாம். குற்ற உணர்ச்சி படிக்கவைக்கும் என்று நாம் நினைக்கிறோம், அது புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் செய்துவிடுகிறது. விட்டுப்போன பாடத்தை மறுநாள் தலையில் ஏற்றாதே. ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள், வாரம் முழுக்க விட்டது எல்லாம் அன்றைக்கு.

ராணிப்பேட்டை_ஆடிட்டர் எழுதியது:

ஃபைலைத் திறந்ததற்கு மிகவும் சந்தோஷம் தங்கச்சி. முடிவு சரியாக எழுதியும் மதிப்பெண் போயிருக்கிறது என்றால் உனக்கு வேண்டியது புதுப் பாடம் இல்லை, வாத்தியார் ஐயா சொன்ன அந்த மூன்று பகுதிப் பழக்கம்தான். தினம் இரண்டு கேள்வி அப்படி எழுது.

டேக்ஸுக்குப் பழைய புத்தகம் வாங்காதே. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது, பிரிவு எண்களே மாறிவிட்டன. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பதை ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் தனியாக அறிவிப்பார்கள், அந்தத் தேர்வுக்கென்று அவர்கள் வெளியிடும் ஆர்.டி.பி. என்ற திருப்புதல் தொகுப்பிலும் திருத்தங்கள் வரும். அதைப் பார்த்துவிட்டு ஐ.சி.ஏ.ஐ.யின் சொந்தப் பாடநூலை இறக்கிக்கொள். சீனியரிடம் பழைய கேள்விகளுக்கு அவர் கையால் எழுதிய விடைகள் இருந்தால் வாங்கு, எப்படி எழுதுவது என்று பார்க்க உதவும்.

இரண்டு குரூப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்டர் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்டிக்கிள்ஷிப் சேர முடியும் என்பதால் அவசரம் புரிகிறது. ஆனால் செப்டம்பரில் முதல் குரூப் மட்டும் எழுது. இரண்டாவது குரூப்பின் காஸ்டிங், ஆடிட்டிங், எஃப்.எம். (நிதி மேலாண்மை) மூன்றும் நீ இன்னும் தொடாதவை. அவற்றையும் இழுத்துப் போட்டால் சட்டத்தை மறுபடி தள்ளிவைக்க உனக்கே ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். செப்டம்பர் முடிந்த மறுவாரம் காஸ்டிங் ஆரம்பித்தால் ஜனவரிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவேண்டாம்.

ஃபார்ம் திறந்த முதல் நாளே பணம் கட்டிவிடு. கட்டியதும் இங்கே வந்து சொல்.

குடியாத்தம்_பொண்ணு எழுதியது:

சரிங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்குப் பொது விதிகள் சட்டமும் ஃபெமாவும் மட்டும் வைத்து ஒரு மணி நேரத் தேர்வு எழுதப் போகிறேன். வாத்தியார் சார், எழுதிய விடையைப் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

ஆரணி_காமர்ஸ்_வாத்தியார் எழுதியது:

போடு மகளே. எழுதும்போது புத்தகத்தை வேறு அறையில் வைத்துவிட்டு எழுது, தெரியாத இடத்தில் காலியாக விடாமல் தெரிந்த அளவு எழுது. திங்கள் காலை பார்த்துவிடுகிறேன்.